கயிறு இழுத்த கரையில் கால்கள் ஓடட்டும்!

பட்டணத்தில் ஓடுகிறவர்களின் தொகை நாளுக்கு நாள் பெருகி வருகிறது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களையோ, கடன் கொடுத்தவரைக் கண்டு ஓடுகிறவர்களையோ சொல்லவில்லை. அவை பழைய ஓட்டங்கள். விடியற்காலையில் எழுந்து, ஷூ மாட்டிக்கொண்டு, எந்த ஊருக்கும் போய்ச் சேர வேண்டிய அவசியமில்லாமல் ஓடுகிறார்களே, அவர்களைச் சொல்கிறேன். குமாஸ்தா ஓடுகிறார், டாக்டர் ஓடுகிறார், பேரன் எடுத்த பெரியவர்கள் ஓடுகிறார்கள், கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஓடுகிறார்கள்.

இதைக் கண்டு கேலி செய்த காலம் மலையேறிவிட்டது. நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் வீட்டுக்கு வீடு விருந்தாளியாக வந்து, திரும்பிப் போக மனமில்லாமல் தங்கிவிட்ட பிறகு, ஓட்டமும் நடையும் மருந்தாகிவிட்டன. வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் சிபாரிசு. மாத்திரைக்குக் காசு வேண்டும். ஓடுவதற்குக் காசு வேண்டாம், கால் இருந்தால் போதும் என்பார்கள்.

கால் இருந்தால் மட்டும் போதுமா? ஓட இடம் வேண்டாமா?

தென் சென்னைவாசியிடம் இதைக் கேட்டால், "இது என்ன கேள்வி? மெரினா இருக்கிறது, எலியட்ஸ் கடற்கரை இருக்கிறது, பனகல் பூங்கா இருக்கிறது" என்று விரல் விட்டு எண்ணத் தொடங்குவார். அடையாற்றின் முகத்துவாரத்தருகே குப்பை மேடாகக் கிடந்த 58 ஏக்கர் நிலத்தைத் திருத்தி, 2011-ல் அருமையான பூங்காவாகத் திறந்தார்கள். நல்ல காரியம்; பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ராயபுரத்தில், தண்டையார்பேட்டையில், திருவொற்றியூரில், எண்ணூரில் குடியிருப்பவர் எங்கே போய் ஓடுவார்?

அந்தப் பக்கத்தில் ஓடுவதற்கு ஆள் இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். குத்துச்சண்டைக்குப் பெயர்போன பகுதி அது. கால்பந்துப் பித்துப் பிடித்த வியாசர்பாடியைச் 'சின்ன பிரேசில்' என்றே அழைக்கிறார்கள். அங்கே பந்து உதைத்துப் பழகிய பிள்ளை இந்தியாவுக்காகவே ஆடியிருக்கிறார். இந்தப் பிள்ளைகள் மூச்சுப் பிடித்து ஐந்து மைல் ஓட வேண்டுமென்றால் இரண்டே வழிதான். ஒன்று, கண்டெய்னர் லாரிகளின் சக்கரங்களுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது. இன்னொன்று, மோட்டார் சைக்கிளில் ஏறி மெரினாவுக்குப் போய் அங்கே ஓடுவது. திருவொற்றியூரிலிருந்து மெரினாவுக்கு ஆறு ஏழு மைல். ஓடுவதற்காக ஆறு மைல் வண்டியில் போகிற விந்தையை வேறெங்கே காண முடியும்?

மெரினாவின் மணல் யாருடையது?

"வட சென்னைக்கும்தான் கடற்கரை இருக்கிறதே, அங்கே ஓடலாமே" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ஒன்றரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும்.

நமது கிழக்குக் கடலோரத்தில் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலைகள் அதை வடக்கே தள்ளுகின்றன; வடகிழக்குக் காற்றுக் காலத்தில் தெற்கே தள்ளுகின்றன. வருஷம் முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் வடக்கே போகிற மணல்தான் அதிகம். 1876-ல் சென்னைத் துறைமுகத்தின் கட்டுமான வேலை தொடங்கியது. கடலுக்குள் கற்சுவர்கள் நீண்டன. 1881-ஆம் வருஷப் புயல் அவற்றை உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். அந்தச் சுவர்கள், வடக்கே நடந்துகொண்டிருந்த மணலை நடுவழியில் மறித்து நிறுத்திவிட்டன. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது, கடல் பின்வாங்கியது. 1884-ல் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை அமைத்து, 'மெரினா' என்று பெயரும் சூட்டினார்.

சுவருக்கு வடக்கே என்ன ஆயிற்று? வர வேண்டிய மணல் வரவில்லை. ஆனால் அலை ஓயுமா? இருந்த மணலையும் வாரிக்கொண்டு போயிற்று. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் ஊருக்குள் புகுந்தது; மீனவர் குடியிருப்புகளையும் தெருக்களையும் விழுங்கியது. அதைத் தடுக்கப் பாறாங்கற்களைக் கொட்டினார்கள். பிறகு தூண்டில் வளைவுகள் போட்டார்கள். அவற்றின் நடுவே சில இடங்களில் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. ஆனாலும் எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிறவர் பெரும்பாலும் பார்ப்பது, ஒரு பக்கம் லாரி வரிசை, மறு பக்கம் கல் குவியல். அந்தக் கல்லின்மேல் ஆடு ஓடலாம். மனிதன் ஓட முடியாது.

ஆக, மெரினாவில் காலை ஓட்டம் ஓடுகிறவரின் காலடியில் மெத்தென்று கிடக்கிற மணலில் ஒரு பங்கு, நியாயமாக ராயபுரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல். மெரினாக்காரர்மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. துறைமுகம் ஊருக்கெல்லாம் சோறு போட்டது. ஆனால் அதன் லாபம் ஊருக்கெல்லாம் பொது என்றால், நஷ்டம் மட்டும் ஒரு பகுதிக்கு ஏன்?

பூங்காக்கள் போன வழி

கடற்கரைதான் போயிற்று, பூங்காவாவது உண்டா? ராயபுரத்தில் ராபின்சன் பூங்கா உண்டு. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்டது அங்கேதான். இன்று அது அறிஞர் அண்ணா பூங்கா. கட்சி தொடங்கப் போதுமான அந்த இடம், ஒரு பேட்டை முழுவதும் ஓடப் போதாது. நாலு சுற்றுச் சுற்றினால் தலை சுற்றும்.

பெரிய பூங்கா ஒன்றும் வட சென்னையின் வாசலிலேயே இருந்தது. 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், பொது ஜனங்கள் உலாவுவதற்கென்று 'பீப்பிள்ஸ் பார்க்' அமைக்கும் யோசனையைக் கொண்டுவந்தார். நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். உள்ளே குளங்கள், பாதைகள், மிருகக்காட்சி சாலை. அதன்பின் ஒவ்வொருவராக வந்து ஒவ்வொரு துண்டு கேட்டார்கள். மண்டபம் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, ரிப்பன் மாளிகை வந்தது, ரயில்வேக்காரர்கள் வந்தார்கள், விளையாட்டரங்கம் வந்தது. மிருகங்கள் 1985-ல் வண்டலூருக்குக் குடிபோயின. ஒவ்வொன்றும் தேவையான கட்டடந்தான். ஒன்றையும் குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லாம் சேர்ந்து பூங்காவைத் தின்று தீர்த்தன. இன்று மிச்சம் மை லேடீஸ் தோட்டம் போன்ற ஒரு மூலைதான்.

கடற்கரையும் இல்லை, பெரும் பூங்காவும் இல்லை. அப்படியானால் வட சென்னைக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. கண்ணெதிரே கிடக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு நாம் தினந்தோறும் தாண்டிப் போகிற பக்கிங்காம் கால்வாயின் கரையைத்தான் சொல்கிறேன்.

நடப்பதற்கென்றே போட்ட கரை

கால்வாய்க் கரையா என்று முகம் சுளிக்காமல் அதன் கதையைச் சற்றுக் கேளுங்கள்.

1806-ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் 11 மைல் நீளத்துக்கு வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. வெகு காலம் 'காக்ரேன் கால்வாய்' என்றுதான் பெயர். 1837-ல் சர்க்கார் அதைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கே பழவேற்காட்டுக்கும், அதைத் தாண்டி ஆந்திர நாட்டுக்கும் நீண்டது. தெற்கே மரக்காணம் வரை போயிற்று. 1877-78-ல் தாது வருஷப் பஞ்சத்தின்போது, பட்டினியால் வாடிய ஜனங்களுக்குக் கூலி கொடுக்கும் பொருட்டு, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே ஐந்து மைல் தூரத்தை வெட்டி இணைத்தார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் 1878-ல் கால்வாய்க்கு வந்தது. மண் வெட்டியவர்களின் பெயர் ஒன்றும் வரவில்லை.

இந்த வழியாகத்தான் பட்டணத்துக்கு விறகு வந்தது, உப்பு வந்தது, நெல் வந்தது, சுண்ணாம்புக்குச் சிப்பி வந்தது. சென்னையின் விறகுத் தொட்டிகளில் குவிந்த சவுக்குக் கட்டைகளில் பெரும் பகுதி படகில் வந்ததுதான். பேசின் பிரிட்ஜ் என்று சொல்கிறோமே, அந்த 'பேசின்' வேறொன்றுமில்லை. படகுகள் வந்து ஒதுங்கி நிற்கும் நீர்த்துறை.

படகுகள் எப்படி ஓடின? அதுதான் நமக்கு வேண்டிய விஷயம். காற்று அனுகூலமாக இருந்தால் பாய் விரிப்பார்கள். காற்று இல்லையென்றால் கழி ஊன்றித் தள்ளுவார்கள். மற்ற நேரங்களில், படகில் கட்டிய நீண்ட கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்கள் கரையோடு கரையாக நடந்து இழுத்துக்கொண்டு போவார்கள். மூட்டை ஏற்றிய படகை இழுத்துக்கொண்டு மைல் கணக்கில் நடக்க வேண்டுமானால் கரை எப்படி இருக்க வேண்டும்? மேடு பள்ளம் இருக்கக் கூடாது. நடுவில் அறுந்து போகக் கூடாது. மரமோ சுவரோ குறுக்கே நிற்கக் கூடாது. தண்ணீர் சமமாக நிற்பதால் கரையும் சமமாகவே ஓடும்.

ஓட்டப் பயிற்சிக்கு ஏற்ற பாதை எது என்று எந்தப் பயிற்சியாளரையாவது கேட்டுப் பாருங்கள். சமதரை, மண் பாதை, வண்டி குறுக்கிடாத வழி, பக்கத்தில் தண்ணீர் என்றுதான் சொல்வார். நமது முன்னோர் படகிழுக்கிறவனுக்காகப் போட்ட கரை, இருநூறு வருஷங்களுக்கு முன்பே அந்த இலக்கணத்தோடு போடப்பட்டது. காக்ரேன் வெட்டிய 11 மைல் என்பது ஏறக்குறைய 18 கிலோமீட்டர். அரை மாரத்தான் 21 கிலோமீட்டர். பேசின் பிரிட்ஜில் புறப்பட்டு எண்ணூர்க் கழிமுகம் வரை ஒருவர் ஓடினால் அரை மாரத்தானில் பெரும் பங்கு முடிந்துவிடும்.

கொருக்குப்பேட்டைப் பக்கம் கரையோரத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவரிடம், "பெரியவரே, இங்கே படகு இழுத்ததைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"இன்னா தம்பி இப்படிக் கேட்டுட்டே! சவுக்குக் கட்டை ஏத்திக்கினு வரும். இழுக்கிறவங்க பாட்டுப் பாடிக்கினே இழுப்பாங்க. நாங்க பசங்க, அவங்க பின்னாலேயே ஓடுவோம். பாலம் வரைக்கும் ஓடிட்டுத் திரும்புவோம். எங்கம்மா வந்து முதுகுல நாலு வெச்சு இழுத்துக்கினு போவும்."

"இப்போது அந்தக் கரையில் ஓட முடியுமா?"

"ஓடறதா? நடந்து காட்டு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் டீயைக் குடித்தார்.

கால்வாய் செத்த கதை

அவர் சொன்னது மெய். கால்வாய்க்கு முதல் அடி ரயிலால் விழுந்தது. ராயபுரத்திலிருந்து 1856-ல் ரயில் புறப்பட்ட நாளிலேயே படகின் காலம் தேய ஆரம்பித்துவிட்டது. பிறகு லாரிகள் வந்தன. 1965, 1966-ஆம் வருஷங்களின் புயல்கள் கால்வாயைச் சின்னாபின்னமாக்கின. அதன்பின் அதைச் செம்மையாகப் பழுது பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. ஊரின் சாக்கடை உள்ளே திரும்பிற்று. நகரின் மையத்தில் 1990-களில் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாயின் நடு மார்பிலேயே நட்டார்கள். பஞ்சத்தில் அடிபட்டவர்கள் வெட்டிய பகுதியின் கதி அது. 2008-ல் இதே கால்வாய் தேசிய நீர்வழியின் ஓர் அங்கமாக அறிவிக்கப்பட்டது. காகிதத்தில் அது நீர்வழி. கண்ணுக்குக் கழிவுநீர் வழி.

வடக்கே தூண்கள் இல்லை; வேறு துன்பங்கள் உண்டு. மணலி ஆலைகள், குப்பை மேடுகள், கரையை அடைத்துக்கொண்டு போகும் குழாய்கள். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தேசத்தில் மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகள் என்று 43 இடங்களைக் குறித்தது. அதில் மணலியும் ஒன்று. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து இந்தக் கால்வாய் வழியாகவே எண்ணூர்க் கழிமுகத்தில் போய்ப் பரவியது. கூழைக்கடாக்களின் இறகெல்லாம் கறுத்தது. மீனவர்கள் வாளியும் கையுமாக எண்ணெயை அள்ளினார்கள்.

ஒரு நீதிபதி நடந்த நடை

இப்படிப்பட்ட இடத்தில் ஓட்டப் பாதையா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

வாஷிங்டன் நகரிலிருந்து கம்பர்லாந்து என்ற ஊர் வரை பொட்டோமாக் நதியோரமாக 184 மைலுக்குச் சற்று மேல் நீளமுள்ள ஒரு பழைய கால்வாய் உண்டு. அங்கே கோவேறு கழுதைகள் கரையில் நடந்து படகை இழுத்தன. 1924-ல் வெள்ளம் வந்து கால்வாய் பாழாயிற்று. புதர் மண்டியது. 1950-களில், இந்தப் பாழ் நிலத்தின்மேல் மோட்டார் சாலை போடலாம் என்ற யோசனை வந்தது. 1954 ஜனவரியில் வாஷிங்டனின் பெரிய தினசரி அதை ஆதரித்துத் தலையங்கமும் எழுதியது.

அந்நாட்டின் உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் ஒருவரான வில்லியம் டக்ளஸ் அந்தப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். வழக்குப் போடவில்லை, வாதம் செய்யவில்லை. "ஆசிரியரே, என்னோடு அந்தக் கரையில் நடந்து வாருங்கள், பார்த்துவிட்டுப் பிறகு எழுதுங்கள்" என்பதுதான் கடிதத்தின் சாரம். ஆசிரியரும் ஒப்புக்கொண்டார். மார்ச் 20-ஆம் தேதி ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் புறப்பட்டார்கள். எட்டு நாள் நடை. கடைசி வரை முழுத் தூரமும் நடந்தவர்கள் நீதிபதியோடு சேர்த்து ஒன்பதே பேர். ஆனால் பத்திரிகையின் அபிப்பிராயம் மாறிற்று. ஜனங்களின் அபிப்பிராயமும் மாறிற்று. சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971-ல் அந்தக் கால்வாய் தேசியப் பூங்காவாயிற்று. கழுதை நடந்த கரையில் இன்று ஆயிரக்கணக்கானவர்கள் ஓடுகிறார்கள்.

லண்டனிலும் இப்படித்தான். தேம்ஸ் நதியில் படகிழுத்த கரைகளை இணைத்து 180 மைலுக்கு மேற்பட்ட நடைபாதையை 1996-ல் திறந்தார்கள். நம்மவர்கள் போய்ப் பிழைத்த சிங்கப்பூரில், நாற்றமெடுத்துக் கிடந்த நதியை 1977-லிருந்து 1987 வரை பத்து வருஷம் பாடுபட்டுச் சுத்தம் செய்தார்கள். அவர்களுக்கெல்லாம் தெய்வம் இறங்கி வந்து உதவி செய்யவில்லை.

இதில் ஒரு படிப்பினை இருக்கிறது. ஓர் இடம் சுத்தமான பிறகுதான் அங்கே ஜனங்கள் நடக்க வேண்டும் என்று காத்திருந்தால், அது சுத்தமாகவே ஆகாது. யாரும் பார்க்காத கால்வாயில் எதை வேண்டுமானாலும் கொட்டலாம். தினந்தோறும் காலையில் ஐந்நூறு பேர் ஓடுகிற கரையில் ராத்திரியோடு ராத்திரியாக லாரியைக் கவிழ்த்துவிட்டுப் போக முடியாது. நேற்று இல்லாத குழாய் இன்று எப்படி வந்தது என்று கேட்க ஆள் இருக்கும்.

எதிர்ப்புகளும் பதிலும்

மூன்று ஆட்சேபங்கள் எழும்.

முதலாவது: "அந்தக் காற்றில் ஓடினால் நோய் போகுமா, வருமா?" அலட்சியம் செய்யக்கூடாத கேள்வி. ஓடுகிறவன் நடக்கிறவனைவிட அதிகக் காற்றை உள்ளே இழுக்கிறான். ஆனால் அங்கே குடியிருக்கிற லட்சக்கணக்கானவர்கள் அதே காற்றைத்தான் இருபத்துநாலு மணி நேரமும் சுவாசிக்கிறார்கள். ஓடாமல் இருந்தால் அவர்களுக்கு வேறு காற்று வந்துவிடப் போகிறதா? லாரிப் புகைக்கு நடுவே ஓடுவதைவிட, சாலையிலிருந்து விலகிய கரையில், மர நிழலில் ஓடுவது மேல். அதற்காகப் பூச்செடி வைத்து நாற்றத்தை மூடுகிற வேலையை நாம் கேட்கவில்லை. சாக்கடை விழுவது நிற்க வேண்டும். ஆலைகள் சட்டப்படி நடக்க வேண்டும். காற்றின் தரத்தைக் காட்டும் பலகை கரையிலேயே நிற்க வேண்டும். மோசமான நாளில் ஓடுகிறவர் வீட்டிலிருக்கட்டும். ஏன் மோசமாயிற்று என்று அதிகாரிகளைக் கேட்கட்டும்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. "கரையில் குடிசை போட்டிருக்கிற ஏழைகளை என்ன செய்வது?" இந்த இடத்தில் நாம் மிக ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். நகரத்தை அழகு செய்கிறோம் என்ற பெயரில், ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் இருந்த குடும்பங்களை மூட்டை கட்டிக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிய சரித்திரம் நமக்கு உண்டு. கொருக்குப்பேட்டையில் கூலி வேலை, மார்க்கெட்டில் மீன் வியாபாரம், பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் என்று இருந்தவர்களை ஊரின் மறு கோடியில் கொண்டுபோய் விட்டால், கூரை கிடைத்தாலும் பிழைப்புப் போகிறது. சிலர் காலை ஓட்டம் ஓடுவதற்காகப் பலர் வீடு இழப்பது என்றால், அந்தப் பாதை நமக்கு வேண்டவே வேண்டாம்.

ஆனால் அது அவசியமே இல்லை. பாதைக்கு வேண்டியது ஆறடி அகலம். வீடுகள் நெருங்கிய இடத்தில் பாதை அவர்கள் வாசல் வழியாகவே போகட்டும். அந்தப் பாதையில் முதலில் ஓடப் போகிறவர்கள் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். வெள்ள அபாயத்தினால் சிலரைக் கட்டாயம் மாற்ற வேண்டியிருந்தால், வட சென்னையிலேயே, நடந்து போகிற தூரத்தில் வீடு கொடுக்க வேண்டும். வீடு கொடுத்த பிறகே மண்வெட்டி எடுக்க வேண்டும்.

மூன்றாவது, "பணத்துக்கு எங்கே போவது?" என்பது. வட சென்னை வளர்ச்சித் திட்டம் என்று 2024 மார்ச்சில் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய்க்கு ஒரு பெருந்திட்டம் தொடங்கப்பட்டிருக்கிறது. அந்தத் தொகைக்கு முன்னால் ஒரு மண் பாதையும் மரக்கன்றும் விளக்குக் கம்பமும் எம்மாத்திரம்? இங்கே பஞ்சம் பணத்துக்கு இல்லை, ஒற்றுமைக்குத்தான். தண்ணீர் நீர்வளத் துறையிடம்; சாக்கடை குடிநீர் வாரியத்திடம்; குப்பையும் பூங்காவும் மாநகராட்சியிடம்; சில பாலங்கள் ரயில்வேயிடம். ஆளுக்கொரு முழம் வைத்திருக்கிறார்கள். முழுக் கயிற்றையும் பிடிக்க ஒரு கை இல்லை.

எங்கே தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. கடைசிக் கோடியிலிருந்து தொடங்கலாம்.

எர்ணாவூரிலிருந்து எண்ணூர்க் கழிமுகம் வரையுள்ள பகுதி முதலாவது. இத்தனை சாம்பலும் எண்ணெயும் விழுந்த பிறகும் அங்கே இயற்கை தன் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. விடியற்காலையில் போய்ப் பாருங்கள். கொசஸ்தலை ஆறு அகன்று கிடக்கும். அலையாத்திச் செடிகளின் நடுவே நாரைகள் ஒற்றைக் காலில் நிற்கும். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையாலேயே இறால் தடவிப் பிடிப்பவர்களைக் காணலாம். ஒரு காலத்தில் துரைமார்கள் படகேறி உல்லாசமாகப் பொழுது போக்க வந்த இடம் அது. அவர்கள் சும்மா வரவில்லை.

தண்டையார்பேட்டையிலிருந்து சாத்தாங்காடு வரையுள்ளது இரண்டாவது. கிழக்கே திருவொற்றியூர், மேற்கே மணலி. இரண்டும் 2011-லேயே சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. வரி கட்டுவதில் சேர்ந்தவர்கள் வசதியிலும் சேர வேண்டாமா? 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. அந்த ஸ்டேஷன்களிலிருந்து கரைக்குப் போக நல்ல வழி ஏற்படுத்தினால், மெரினாக்காரரும் வடக்கே வந்து ஓடிவிட்டுப் போகலாம். பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டைப் பகுதி மூன்றாவது. அது நெருக்கமான இடம். அங்கே குடியிருப்பவர்களைக் கலந்து பேசி, மெதுவாகச் செய்ய வேண்டும்.

பளிங்குக் கல் வேண்டாம். வண்ண நீரூற்று வேண்டாம். நுழைவுக் கட்டணம் கட்டாயம் வேண்டாம். கெட்டித்த மண் பாதை, புங்கமும் பூவரசும் நிழல் தர, பெண்கள் இருட்டோடு வந்தாலும் அச்சமில்லாதபடி விளக்கு, குடிக்கத் தண்ணீர், மைலுக்கு மைல் ஒரு கல். இவ்வளவுதான்.

மேற்படி இலாகாக்களின் பெரிய அதிகாரிகளுக்கும், அந்தப் பகுதியின் சட்டசபை, மாநகராட்சி அங்கத்தினர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அமெரிக்க நீதிபதி எட்டு நாள் நடந்தார். நாம் எட்டு நாள் கேட்கவில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்கிறோம். காலை ஐந்து மணிக்குப் பேசின் பிரிட்ஜில் புறப்படுங்கள். காரை அனுப்பிவிடுங்கள். கரையோடு கரையாக நடந்து வாருங்கள். கரை அறுந்த இடத்தில் இறங்கி ஏறுங்கள். மூக்கை மூட வேண்டிய இடத்தில் மூடிக்கொள்ளுங்கள். வழியில் குடியிருப்பவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். வெயில் ஏறுவதற்குள் எண்ணூர் வந்துவிடலாம். அங்கே கழிமுகத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, இந்தப் பாதை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

வருவதாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால், வட சென்னைப் பிள்ளைகள் வழி காட்ட முன்னால் ஓடத் தயாராக இருக்கிறார்கள்.